சம்புநாத் டேயின் ஆய்வுக் கட்டுரைகளும் அவை மேற்கோளாக ஆளப்பட்ட வரலாறும்

ஆய்வுமேசை (இழையைத் தொடங்கியவர்)

மருத்துவக் கல்லூரிகளில் பதவி உயர்வானாலும் ஆய்வு நிதியானாலும் விருதானாலும் முதலில் கேட்கப்படுவது 'எத்தனை கட்டுரைகள், எத்தனை மேற்கோள்கள் (அதாவது, பிற ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் அவற்றை எத்தனை முறை ஆதாரமாகக் குறிப்பிட்டார்கள்)' என்பதாக ஆகிவிட்டது. இந்தக் கேள்வியைப் பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதைவிட, ஒரே ஓர் ஆய்வாளரின் கட்டுரைகளை எடுத்து வைத்துக்கொண்டு பேசினால் தெளிவு கிடைக்கும் என்று நினைக்கிறேன். நான் எடுத்துக்கொள்வது கொல்கத்தாவின் நோயியல் பேராசிரியர் சம்புநாத் டே (1915–1985) அவர்களை.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1884-இல் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தபோதே, அது ஏதோ ஒரு நஞ்சைச் சுரந்துதான் நோயாளியைக் கொல்கிறது என்று கருதினார். ஆனால் அந்த நஞ்சை யாராலும் காட்ட முடியவில்லை. ரிச்சர்ட் ஃபைஃபரின் ஆய்வுகளுக்குப் பிறகு, கிருமி செத்துச் சிதையும்போது அதன் உடலிலிருந்து வெளிப்படும் எண்டோடாக்சின்தான் காரணம் என்ற கருத்து வேரூன்றியது. ஆய்வகங்களில் கிருமியை விலங்குகளின் வயிற்றுறைக்குள்ளும் இரத்தத்திலும் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்; விலங்குகள் செத்தன, ஆனால் காலரா வரவில்லை.

டே 1949-இல் லண்டனில் நோயியலாளர் ராய் கேமரனிடம் முனைவர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். கேமரனுடன் சேர்ந்து அவர் அங்கே வெளியிட்ட கட்டுரை நுரையீரலில் நீர் கோப்பதைப் பற்றியது. நீர் எங்கிருந்து எங்கே, எதனால் கசிகிறது என்ற அந்தக் கேள்வியையே அவர் குடலிடமும் கேட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. 1953-இல் டி. என். சாட்டர்ஜியுடன் அவர் செய்த சோதனை மிக எளியது: முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரு முனையிலும் நூலால் கட்டி, உள்ளே காலராக் கிருமியைச் செலுத்தி, மறுநாள் திறந்து பார்த்தார். துண்டு முழுவதும் நீரால் உப்பியிருந்தது. காலரா நோயாளியிடமிருந்து கஞ்சித் தண்ணீர் போல வெளியேறுகிறதே, அதே தன்மையுடைய நீர்! 1959-இல் ஒரு படி மேலே சென்று, கிருமிகளை முற்றிலும் வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை (கிருமிகள் வளர்க்கப்பட்டிருந்த நீர்மத்தை) மட்டும் செலுத்தினார். கிருமியே இல்லாதபோதும் குடல் உப்பியது. நஞ்சு கிருமியிலிருந்து வெளியே சுரக்கப்படுகிறது என்பது, கோக்கின் ஊகத்துக்கு 75 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே நகரத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. அந்தக் கட்டுரை 'நேச்சர்' இதழில் இரண்டு பக்கங்களுக்கு மேற்படாத ஒரு சிறு குறிப்பாக, டே என்ற ஒரே ஆசிரியரின் பெயரில் வெளியானது.

இனி, இதற்குக் கிடைத்த ஏற்பு. டே 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் நோபல் அறக்கட்டளை காலரா பற்றி நடத்திய கருத்தரங்குக்கு அவர் அழைக்கப்பட்டார். 1960-களின் தொடக்கத்திலேயே (ஆய்வுலகைப் பொறுத்தவரை) இறந்துபோன தன்னைக் கருத்தரங்குக் குழு தோண்டி எடுத்திருக்கிறது என்ற பொருளில் அங்கே பேசினார். 1985-இல் காலமானார். மறு ஆண்டு, எந்தக் கட்டுரையை யார் யார் மேற்கோள் காட்டினர் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணையை உருவாக்கியவரான யூஜின் கார்ஃபீல்டு தம் 'கரண்ட் கன்டென்ட்ஸ்' இதழில், மேற்கோள் தரவுகளைக் கொண்டு காலரா ஆய்வின் வரைபடத்தை வரைந்து, அதில் டேயின் இடத்தைக் காட்டி விரிவாக எழுதினார். 1990-இல் பெங்களூரின் 'கரண்ட் சயின்ஸ்' அவருக்கென ஓர் இதழை ஒதுக்கியது. நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபலுக்கே பரிந்துரைத்திருந்தார். ஆனால் அவர் உயிரோடு இருந்த காலத்தில் இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை.

என் வாதம் இதுதான். மேற்கோள் எண்ணிக்கை என்பது ஒரு கட்டுரை வெளிவந்த பின் எத்தனை பேர் அந்த வழியில் நடந்து வந்தார்கள் என்பதைச் சொல்கிறது. அந்தக் கட்டுரை சரியா, ஆழமானதா என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்ல 1959-இலேயே ஒரு வழி இருந்தது. கட்டுரையைப் படிப்பதுதான் அந்த வழி. அருகில் இருந்தவர்கள் படித்து மதிப்பிடவில்லை என்பதே டேயின் வரலாற்றில் என்னை வருத்துவது.

பழைய இதழ்கள்

நான் மருத்துவ நூலகப் பணியில் இருந்தவன். எண்களை வைத்துப் பேசுவதற்கு முன், அந்த எண்கள் எப்படி உருவாகின என்பதைச் சொல்லிவிடுவது நல்லது.

கார்ஃபீல்டு மேற்கோள் அட்டவணை என்ற கருத்தை 1955-இல் 'சயின்ஸ்' இதழில் முன்வைத்தார். முதல் 'சயின்ஸ் சைட்டேஷன் இன்டெக்ஸ்' வெளிவந்தது 1960-களின் முற்பகுதியில். 1961-ஆம் ஆண்டின் 613 இதழ்களிலிருந்து ஏறத்தாழ 14 லட்சம் மேற்கோள்கள் அதில் தொகுக்கப்பட்டிருந்தன. ஆகவே டேயின் 1953, 1956, 1959 கட்டுரைகள் வெளியான நேரத்தில் யாராவது அவரை மேற்கோள் எண்ணிக்கையால் அளக்க நினைத்திருந்தாலும் அதற்கான கருவியே கையில் இல்லை. 1955 முதலான ஆண்டுகளுக்குப் பின்னோக்கிய தொகுப்புகள் பிற்பாடுதான் செய்யப்பட்டன.

இரண்டாவது, எந்த இதழ்கள் அட்டவணைக்குள் வருகின்றன என்பது. தொடக்கத்திலிருந்தே அது அமெரிக்க, ஐரோப்பிய இதழ்களின் பக்கம் சாய்ந்திருந்தது. கொல்கத்தாவிலோ பம்பாயிலோ சென்னையிலோ அச்சான ஒரு மருத்துவ இதழில் ஒருவர் டேயை மேற்கோள் காட்டியிருந்தால் அது பெரும்பாலும் கணக்கில் சேராது. டே தம் முக்கியக் கட்டுரைகளை 'ஜர்னல் ஆஃப் பேத்தாலஜி அண்ட் பாக்டீரியாலஜி'யிலும் 'நேச்சரி'லும் வெளியிட்டார் என்பதால், குறைந்தது மேற்கோள் பெறும் பக்கத்திலாவது அவர் கண்ணுக்குத் தெரிந்தார்.

மூன்றாவது, பெயர். பழைய அட்டவணைகளில் முதல் ஆசிரியரின் குடும்பப் பெயரும் முதலெழுத்துகளும் மட்டுமே இருக்கும். 'டே எஸ். என்.' என்று தேடினால் அதே முதலெழுத்துகள் கொண்ட வேறு துறை வங்காளிகளும் கலந்து வருவார்கள். ஐரோப்பியப் பெயர்களில் அதே எழுத்துகள் (De) முன்னொட்டாகவும் வருவதால் குழப்பம் இன்னும் கூடும். முதலெழுத்தோடு எழுதும் நம் தமிழ்ப் பெயர்களுக்கும் இதே தொல்லை இருப்பதை நூலகத்துக்கு வரும் ஆய்வு மாணவர்கள் அறிவார்கள். ஒருவரின் மொத்த மேற்கோள்கள் இத்தனை என்று யாராவது ஓர் எண்ணைச் சொன்னால், அந்தத் தேடலை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்ட பிறகே நான் அதை எடுத்துக்கொள்வேன்.

வைகைக்கரை

இழையைத் தொடங்கியவரின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் அருகில் இருந்தவர்கள் படிக்கவில்லை என்ற முடிவு சற்று அவசரமானது என்று படுகிறது.

முதலாவதாக, 1950-களில் உலகில் காலராவை ஆய்வு செய்த குழுக்கள் எத்தனை? அந்நோய் வங்காளத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பிடித்திருந்த ஏழைகளின் நோயாக மட்டுமே பார்க்கப்பட்ட காலம் அது. மேற்கோள் காட்ட ஆள் வேண்டுமல்லவா? டாக்காவில் சீட்டோ (தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பு) காலரா ஆய்வகம் 1960-இல் தொடங்கியது. 1961-இல் சுலவேசியிலிருந்து எல் டோர் வகைக் கிருமி பரவி ஏழாம் உலகத் தொற்று தொடங்கிய பிறகே பணமும் ஆட்களும் இந்தத் துறைக்குள் வந்தனர். டேயின் கட்டுரைகளுக்கு மேற்கோள்கள் தாமதமாகக் கூடியதற்குத் துறை சிறியதாக இருந்ததே போதுமான காரணம்.

இரண்டாவதாக, டே மட்டுமே தனியாக நின்றார் என்பதும் முழுப் படம் அன்று. பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என். கே. தத்தா 1955-இலேயே பால்குடி முயல்களில் காலராவை உண்டாக்கும் முறையை ஹப்புவுடன் சேர்ந்து வெளியிட்டார். 1959-இல், டேயின் 'நேச்சர்' குறிப்பு வந்த அதே ஆண்டில், பான்சே, குல்கர்னி ஆகியோருடன் சேர்ந்து காலராக் கிருமியின் சாற்றால் அந்த முயல்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வருவதைக் காட்டினார். பிற்காலத்தில் நச்சைத் தூய்மைப்படுத்தப் பாடுபட்டவர்களுக்கு அந்த முயல்குட்டி முறையும் பெரிதும் பயன்பட்டது. மேற்கோள்களின் நியாயத்தைப் பற்றிப் பேசும்போது தத்தாவை விட்டுவிடுவது நமக்கும் அழகன்று.

மூன்றாவதாக, நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்: டேயை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் கார்ஃபீல்டு. அதாவது இந்திய அறிவியல் கழகங்களின் குழுக்கள் படித்து மதிப்பிட்டுத் தவறவிட்ட ஒருவரை, மேற்கோள் தரவு தவறவிடவில்லை. இது மேற்கோளுக்கு எதிரான எடுத்துக்காட்டா, ஆதரவான எடுத்துக்காட்டா?

ஆய்வுமேசை

வைகைக்கரை ஐயாவின் மூன்றாம் கேள்வி மிகச் சரியான இடத்தைத் தொடுகிறது. அதற்கு முதலில் விடை சொல்கிறேன்.

ஆம், 1986-இல் மேற்கோள் தரவு டேக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னது. ஆனால் எந்த விதமான தரவு என்பதைக் கவனிக்க வேண்டும். கார்ஃபீல்டு செய்தது டேயின் மொத்த எண்ணிக்கையை இன்னொருவரின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் வேலையன்று. எந்தக் கட்டுரைகள் ஒன்றாகச் சேர்த்து மேற்கோள் காட்டப்படுகின்றன, ஒரு துறையின் கிளைகள் எங்கிருந்து பிரிகின்றன என்று பார்க்கும் வரலாற்று வேலை அது. அதற்கு இருபத்தைந்து ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி தேவைப்பட்டது. இன்று நம் தேர்வுக் குழுக்கள் மேற்கோளைப் பயன்படுத்துவது அப்படியன்று. கடந்த மூன்று, நான்கு ஆண்டுக் கணக்கைப் பார்த்து ஒருவரை எடுப்பதா விடுப்பதா என்று முடிவு செய்கிறார்கள். 1962-இல் அப்படி ஒரு கணக்கு எடுத்திருந்தால் டே எங்கே நின்றிருப்பார்?

துறை சிறியது என்ற விளக்கத்தை ஏற்கிறேன், அது என் வாதத்துக்கு வலுவும் சேர்க்கிறது. எண்ணிக்கை ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், ஏழைகளின் நோயை ஆய்வு செய்பவர் எப்போதும் குறைவாகவே அளக்கப்படுவார். தத்தாவைப் பற்றி நீங்கள் எழுதியது மிகவும் தேவையான சேர்க்கை. இருவருடைய 1959 கட்டுரைகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்குமாறு எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். தத்தா கையாண்டது கிருமியை உடைத்தெடுத்த சாற்றை. டே கையாண்டது கிருமி நீக்கிய வளர்ப்பு நீரை. நஞ்சு உயிருள்ள கிருமியால் வெளியே சுரக்கப்படுகிறது என்ற முடிவுக்கு இரண்டாவது சோதனையே நேராகக் கொண்டு செல்கிறது. இந்த வேறுபாட்டை எந்த மேற்கோள் எண்ணும் சொல்லாது.

மழலைநலம்

குழந்தை நல மருத்துவராக இந்த இழையைப் படிக்கும்போது எனக்கு இன்னொரு கட்டுரை நினைவுக்கு வருகிறது. டேயின் முயல் சோதனை வெளியான அதே 1953-இல், அதே கொல்கத்தாவில், ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்ற மருத்துவர் 186 காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய் வழியே கொடுத்துக் காப்பாற்றிய அனுபவத்தை 'லான்செட்' இதழில் எழுதினார். இன்று ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்திலும் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் முன்னோடி அது. அந்தக் கட்டுரையையும் நெடுங்காலம் யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆனால் அதற்கான காரணம் வேறு என்பதையும் சொல்ல வேண்டும். சாட்டர்ஜியின் கட்டுரையில் ஒப்பீட்டுக் குழு இல்லை. எவ்வளவு நீர் உள்ளே போனது, எவ்வளவு வெளியேறியது என்ற அளவீடு இல்லை. ஏன் இது வேலை செய்கிறது என்ற விளக்கமும் அப்போது கிடையாது. குளுக்கோஸ் தன்னோடு சோடியத்தையும் குடல் செல்லுக்குள் இழுத்துச் செல்கிறது என்பது 1960-களில் தெளிவானது. 1968-இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் அளந்து காட்டிய பிறகே மருத்துவ உலகம் நம்பத் தொடங்கியது. ஆகவே மேற்கோள் குறைவாக இருந்த கட்டுரைகள் எல்லாம் அநீதிக்கு ஆளானவை என்று நாம் கொள்ளக் கூடாது. சாட்டர்ஜி சரியானதைச் செய்தார், ஆனால் பிறர் நம்பும் அளவுக்கு மெய்ப்பிக்கவில்லை. டே மெய்ப்பித்தார். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது டேக்குச் செய்யும் குறை.

இன்னொன்று: 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் திலீப் மகலனாபிஸ், ஏற்றுவதற்குச் சலைன் தீர்ந்துபோன நிலையில், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்களில் நிரப்பி உறவினர்களையே புகட்டச் செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு விகிதம் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் அதை வெளியிட்டது 1973-இல் 'ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மெடிக்கல் ஜர்ன'லில். அந்தக் கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும், பிழைத்த குழந்தைகளின் எண்ணிக்கையோடு அதை இணைத்துப் பார்க்க எந்த வாய்பாடும் கிடையாது. மருத்துவ ஆய்வில் 'தாக்கம்' என்ற சொல்லை மேற்கோளுக்கு மட்டும் ஒதுக்கிவிட்டது எனக்கு ஏற்கத்தக்கதாக இல்லை. மேற்கோள் காட்டுபவர் இன்னோர் ஆய்வாளர். பொட்டலத்தைக் கிழித்துத் தண்ணீரில் கலக்கும் தாய் எங்கேயும் மேற்கோள் காட்டுவதில்லை.

வைகைக்கரை

மருத்துவர் அம்மா சொன்ன சாட்டர்ஜி–டே வேறுபாட்டை முழுமையாக ஏற்கிறேன்.

எண்ணிக்கையின் மறுமுனையையும் பார்த்துவிடலாம். 2014-இல் 'நேச்சர்' இதழ் உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட 100 கட்டுரைகளின் பட்டியலை வெளியிட்டது. முதலிடத்தில் இருந்தது ஆலிவர் லோரியும் உடன் பணியாற்றியவர்களும் 1951-இல் எழுதிய, கரைசலில் புரதத்தை அளக்கும் முறை பற்றிய கட்டுரை. 3,05,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்கள். பட்டியலில் இடம்பெறவே 12,119 மேற்கோள்கள் தேவைப்பட்டன. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பைச் சொன்ன கட்டுரைகூட அந்த நூறுக்குள் வரவில்லை. லோரியே தம் கட்டுரை சிறப்பான ஒன்றன்று என்று எழுதியிருக்கிறார். அது எல்லா உயிர்வேதியியல் ஆய்வகத்துக்கும் தேவைப்பட்ட ஒரு முறை என்பதால்தான் எண்ணிக்கை பெருகியது.

இங்கே டேயின் நிலை சுவையானது. அவருடைய 1953 கட்டுரையும் ஒரு முறைக் கட்டுரைதான். நூலால் கட்டிய முயல் குடல் காலராவுக்கு மட்டுமன்றி, வயிற்றுப்போக்கு உண்டாக்கும் எந்தக் கிருமியின் நச்சையும் சோதிக்கப் பயன்பட்டது. பிறகு ஏன் எண்ணிக்கை லோரியை எட்டவில்லை? முன்பு சொன்னதுதான்: எல்லா ஆய்வகத்திலும் புரதம் அளப்பார்கள், முயல் குடலைக் கட்டுபவர்கள் சிலர்.

முதுகலை இரண்டாமாண்டு

ஐயா, நான் நுண்ணுயிரியல் பட்ட மேற்படிப்பு மாணவன். எச்-இன்டெக்ஸ் என்ற அளவீட்டில் டே எப்படித் தெரிவார்? தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு விதிகளில் அவருடைய கட்டுரைகள் பதவி உயர்வுக்கு எடுபட்டிருக்குமா? எங்கள் துறையில் எல்லோரும் பேசுவது இந்த இரண்டைப் பற்றித்தான் என்பதால் கேட்கிறேன்.

பழைய இதழ்கள்

தம்பியின் இரண்டாம் கேள்வி எளிது. 2022-ஆம் ஆண்டு ஆசிரியர் தகுதி விதிகள், குறிப்பிட்ட அட்டவணைகளில் இடம்பெற்ற இதழா என்றும், முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவரா அல்லது தொடர்புக்குரிய ஆசிரியரா என்றும் பார்த்தன. டேயின் மூன்று முக்கியக் கட்டுரைகளிலும் அவரே முதல் ஆசிரியர். ஆகவே எடுபட்டிருக்கும். ஆனால் கவனியுங்கள்: அந்த விதியின் கண்ணில் 1959 கட்டுரை 'ஒன்று'. இன்னொருவர் மருத்துவமனைப் பதிவேடுகளிலிருந்து ஆறு மாதத்தில் தொகுத்தெழுதும் கட்டுரையும் 'ஒன்று'.

எச்-இன்டெக்ஸை ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-இல் முன்வைத்தார். ஒருவருடைய கட்டுரைகளில் குறைந்தது 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் 20. இதன்படி ஒருவரின் எச் அவர் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டவே முடியாது. ஒரு கட்டுரை ஆயிரம் முறை காட்டப்பட்டாலும் எச்சுக்கு அது தருவது ஒரே ஓர் இடம்தான். குறைவாக எழுதி, அதில் ஒன்றிரண்டால் துறையைத் திருப்பிய டே போன்றவர்களை இந்த அளவீடு அதன் அமைப்பிலேயே தாழ்த்திக் காட்டும்.

இன்னொரு செய்தி உங்கள் ஆய்வேட்டுக்கே பயன்படக்கூடும். டே 1956-இல் பட்டாச்சார்யா, சர்க்கார் ஆகியோருடன் எழுதிய கட்டுரை, வயிற்றுப்போக்கு நோயாளிகளிடமிருந்து எடுத்த ஈ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் வகைகள் சிலவும் முயல் குடலை உப்பச் செய்கின்றன என்று காட்டியது. நச்சு சுரக்கும் ஈ. கோலை என்ற பாடத்தின் தொடக்கம் அங்கே இருக்கிறது. 1971-ஐ ஒட்டிக் கோர்பாக், சாக் ஆகியோர் கொல்கத்தா நோயாளிகளிடம் அதைக் காட்டிய பிறகே உலகம் கவனித்தது. அந்த 1956 கட்டுரையின் தலைப்பில் கிருமியின் பெயர் அக்கால வழக்கப்படி 'பாக்டீரியம் கோலை' என்று இருக்கிறது. இன்றைய பெயரைத் தலைப்பில் தேடும் மாணவருக்கு அது அகப்படாது. அகப்படாத கட்டுரையை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பழைய பெயரையும் சேர்த்துத் தேடுங்கள்.

மேற்கோள் குறைவதற்கு இதற்கு நேர்மாறான காரணமும் உண்டு. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் தெரிந்ததாகிவிட்டால் அதன் மூலக் கட்டுரையைக் குறிப்பிடுவதை விட்டுவிடுவார்கள். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். 'முயலின் கட்டிய குடல் துண்டில் சோதித்தோம்' என்று எழுதும் ஆய்வாளர் இன்று டேயைக் குறிப்பிடத் தேவையில்லை என்று நினைக்கிறார். நச்சை 1969-இல் டல்லஸில் ஃபிங்கெல்ஸ்டீனும் லோஸ்பல்லூட்டோவும் தூய்மைப்படுத்திப் பிரித்த பிறகு, காலரா நச்சைப் பற்றி எழுதுபவர்கள் பலருக்கு அந்தக் கட்டுரையே தொடக்கப் புள்ளியாகிவிட்டது.

முதுகலை இரண்டாமாண்டு

மிக்க நன்றி ஐயா. எங்கள் பாடநூலில் காலரா நச்சின் இரு பகுதிகள், அது குடல் செல்லில் ஒட்டும் ஜி.எம்.1 ஏற்பி, அதன்பின் செல்லுக்குள் பெருகும் சைக்ளிக் ஏ.எம்.பி. எல்லாம் விரிவாக இருக்கின்றன. டேயின் பெயரை நான் இந்த இழையில்தான் முதன்முதலில் பார்க்கிறேன். வரும் வாரம் எங்கள் துறையின் ஜர்னல் கிளப்பில் கட்டுரை வாசிக்கும் முறை எனக்கு. 1959 கட்டுரையை எடுக்கலாமா, 1953-ஐ எடுக்கலாமா?

ஆய்வுமேசை

1953-இல் தொடங்குங்கள், தம்பி. 1959 கட்டுரை முடிவை மட்டும் சொல்கிறது. 1953 கட்டுரைதான் அந்த முடிவுக்குப் போகும் வழியைத் திறந்தது. அதைப் படிக்கும்போது, அதற்கு முன் எழுபது ஆண்டுகளாக எல்லோரும் கிருமியை விலங்கின் உடலில் எங்கே செலுத்தினார்கள், டே எங்கே செலுத்தினார் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பீட்டுக்காக அவர் எந்தெந்தத் துண்டுகளில் எதைச் செலுத்தினார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் பேராசிரியர் முதலில் கேட்கப்போவது அதுவாகத்தான் இருக்கும். நேரம் இருந்தால் தத்தா–ஹப்புவின் 1955 கட்டுரையையும் சேர்த்து வாசியுங்கள். என்ன கேள்விகள் எழுந்தன என்று இங்கே வந்து எழுதினால், அங்கிருந்து தொடரலாம்.